தோற்றவர் யார்? துரத்தப்பட்டவர் யார்?

பட்டாசு ஆலையில் விபத்து என்றால், புகை அடங்குமுன் தேடப்படுகிறவர் போர்மேன். பந்தாட்டக் களத்தில் தொடர்ந்து நாலு தோல்வி என்றால், வியர்வை உலருமுன் விரட்டப்படுகிறவர் பயிற்சியாளர். இங்கே கைவிலங்கு, அங்கே கடுதாசி! ஊர் வேறு, தொழில் வேறு. நீதி மட்டும் ஒன்று. ஆணையிட்டவன் மாடியில் இருப்பான். ஆணைக்குக் கட்டுப்பட்டவன் தெருவில் நிற்பான்!

"நாட்டில் ஆயிரம் பிரச்சினை இருக்க, பந்தாட்டம் பற்றி ஏனய்யா எழுதுகிறீர்?" என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். சிவகாசியில் பகலெல்லாம் சரம் பின்னி, குழாய் உருட்டி, அச்சகத்தில் தாள் அடுக்கிவிட்டு, இரவில் கண்விழித்துக் கடல்கடந்த பந்தாட்டத்தைக் கைப்பேசியில் பார்க்கும் இளைஞர்கள் எத்தனை பேர்! "கோச்சை மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று டீக்கடை பெஞ்சில் தீர்ப்புச் சொல்கிறவர்களும் அவர்களே. அந்தத் தீர்ப்பைத்தான் இன்று உரைத்துப் பார்க்கப் போகிறோம். உரைத்துப் பார்த்தால் பித்தளை பல்லிளிக்கும்.

முதலில் விஷயத்தை விளக்கிவிடுவோம். வெற்றிக்கு 3 புள்ளி, சமநிலைக்கு 1 புள்ளி, தோல்விக்குச் சுழி. பருவம் முடியும்போது பட்டியலின் அடியில் கிடக்கும் அணிகள் கீழ் அடுக்குக்குத் தள்ளப்படும்; கீழ் அடுக்கில் சிறந்தவை மேலே ஏறும். கீழே போனால் என்ன? வருமானம் சுருங்கும், விளம்பரம் தருகிறவன் விலகுவான், நல்ல ஆட்டக்காரன் வேறு ஊர் பார்ப்பான், மைதானத்தில் புல் வெட்டும் தொழிலாளிக்கும் சீட்டுக் கிழியும். எனவேதான் அடித்தட்டில் தத்தளிக்கும் கழகத்தில் பீதி பிறக்கிறது. பீதி பிறந்தவுடன் பலி கேட்கிறது. பலிக்கு அகப்படுகிறவர் பயிற்சியாளர்.

ஏன் அவர்? பதினொரு ஆட்டக்காரரை ஒரே நாளில் மாற்ற முடியாது. முதலாளி தன்னைத் தானே நீக்கிக்கொள்ள மாட்டான். கடனை ஒரே இரவில் அடைக்க முடியாது. மாற்றுவதற்கு எளிதான ஒரே ஆள், ஒற்றை ஆளாய் நிற்கும் பயிற்சியாளர்தான். குற்றவாளி என்பதனால் அல்ல, கைக்கு எட்டுகிறவர் என்பதனால் அவர் பிடிபடுகிறார்!

இங்கிலாந்தின் வடகிழக்கில் சண்டர்லாந்து என்றொரு ஊர். நம்மூரைப் போலவே உழைப்பால் உயர்ந்த ஊர். கப்பல் கட்டியவர்கள், நிலக்கரி வெட்டியவர்கள். மாங்க்வேர்மவுத் சுரங்கம் 1993-ல் மூடப்பட்டது. அந்த இடத்திலேயே 1997-ல் பந்தாட்ட அரங்கம் எழுந்தது. அரங்கத்தின் வெளியே இன்றும் நிற்கிறது, சுரங்கத் தொழிலாளியின் விளக்கு வடிவில் ஒரு நினைவுச் சின்னம். தொழில் போயிற்று, பந்து மட்டுமே மிஞ்சிற்று என்று வாழும் மக்கள்.

அந்தக் கழகம் பயிற்சியாளர்களை மாற்றிய கதையைக் கேளுங்கள். 2011 நவம்பரில் ஸ்டீவ் புரூஸ் நீக்கப்பட்டார். பிறகு வந்தவர்கள்: மார்ட்டின் ஓ நீல், டி கானியோ, போயட், அட்வகாட், அலர்டைஸ், மோயஸ், கிரேசன், கோல்மன். ஆறரை ஆண்டில் எட்டுப் பேர்! வாடகை வீட்டில்கூட அதைவிட அதிக நாள் குடியிருப்பார்கள்.

"மாற்றியதால் பலன் இல்லையா?" என்று கேட்பீர்கள். இருந்தது! மறைக்க மாட்டேன். 2013-ல் டி கானியோ கரை சேர்த்தார். 2014-ல் போயட் கரை சேர்த்தார். 2015-ல் அட்வகாட். 2016-ல் அலர்டைஸ். நான்கு ஆண்டும் கழுத்தளவு தண்ணீர். நான்கு ஆண்டும் பருவத்தின் இடையில் புதிதாக ஒருவர் வந்து கைகொடுத்தார். ஊரே ஆனந்தக் கூத்தாடியது. ஆனால், தோழா, அந்த ஆனந்தம்தான் ஆபத்தாக முடிந்தது! சுவரில் விரிசல் கண்டபோதெல்லாம் சுண்ணாம்பு அடித்தார்கள், வெள்ளையாய்த் தெரிந்தது, வீடு உறுதி என்று நம்பினார்கள். கடன் மலைபோல் வளர்ந்தது. ஒவ்வொரு பயிற்சியாளரும் தமக்கு வேண்டிய ஆட்டக்காரரைக் கொண்டுவந்தார். அவர் போனார், அவர் கொண்டுவந்தவர்களும் சம்பளச் சுமையும் தங்கின. 2017-ல் சுவர் சரிந்தது. கழகம் இரண்டாம் அடுக்கில் விழுந்தது. மீண்டும் பழைய மருந்து! 2017 அக்டோபர் 31-ல் கிரேசன் வெளியே, பின்னர் கோல்மன் உள்ளே. 2018-ல் கடைசி இடம். மூன்றாம் அடுக்கில் வீழ்ச்சி. அடுத்தடுத்து இரண்டு படி!

எப்படி எழுந்தார்கள்? மூன்றாம் அடுக்கில் நான்கு பருவம் புழுதி தின்றார்கள். 2022-ல் ஒரு படி ஏறினார்கள். இளைஞர்களைத் தேடிப்பிடித்து, வளர்த்து, அவர்களை நம்பி ஆடும் கொள்கையைக் கைக்கொண்டார்கள். 2025 மே மாதம் ஷெஃபீல்ட் யுனைடெட்டை 2–1 என்று வென்று மீண்டும் முதல் அடுக்கை அடைந்தார்கள். இடையில் பயிற்சியாளர்கள் மாறவில்லையா? மாறினார்கள். ஆனால் கொள்கை மாறவில்லை! ஆள் மாறலாம், அடித்தளம் நிற்க வேண்டும். அடித்தளம் இல்லாமல் ஆளை மட்டும் மாற்றினால், அது சீட்டாட்டத்தில் கலைத்துப் போடுவது போலத்தான்.

நெதர்லாந்தில் பாஸ் டெர் வேல் என்ற பொருளியல் அறிஞர் 1986 முதல் 2004 வரை நடந்த ஆட்டங்களை எடுத்து ஆராய்ந்தார். தொடர் தோல்விக்குப் பின் பயிற்சியாளரை நீக்கிய அணிகள் ஒருபுறம். அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை நீக்காமல் பொறுத்திருந்த அணிகள் மறுபுறம். நீக்கிய அணிகள் பின்னர் தலை தூக்கின, உண்மை. நீக்காத அணிகளும் அதேபோல் தலை தூக்கின! அப்படியானால் நீக்கியதால் வந்த பலன் எங்கே?

இதில் மாயமில்லை. கிணற்றின் அடிமட்டத்தைத் தொட்ட வாளிக்கு மேலே வருவதைத் தவிர வேறு வழி ஏது? தொடர்ந்து ஐந்து ஆட்டம் தோற்ற அணி ஆறாவதோ ஏழாவதோ வெல்லத்தான் செய்யும். காய்ச்சல் இறங்கும் நாளில் வந்து விபூதி போட்ட பூசாரிக்குக் காணிக்கை கிடைப்பது போல, தோல்வி ஓயும் நேரத்தில் வந்த புதியவருக்கு மாலை விழுகிறது. பூசாரியை நம்பாதே என்று நமக்குச் சொல்லித் தந்த இயக்கம், இந்தப் பூசையையும் பகுத்தறிந்து பார் என்றுதான் சொல்லும்!

வெளிநாட்டுக் கதை போதும், வீட்டுக் கதைக்கு வருவோம்.

1946-ல் நேதாஜி விளையாட்டுக் கழகம் என்ற பெயரில் பிறந்த அணி, சென்னை சிட்டி. 2016–17 பருவத்தில் ஐ-லீக்கில் நுழைந்தது. தொடங்கியபோது பயிற்சியாளர் ராபின் சார்லஸ் ராஜா. பாதி வழியில் அவர் போனார், சவுந்தரராஜன் வந்தார். எட்டாவது இடம். மறு ஆண்டும் எட்டாவது இடம். அந்த 2017–18 பட்டியலில் அதற்குக் கீழே இருந்தவை சர்ச்சில் பிரதர்சும் இந்தியன் ஆரோசும் மட்டுமே. விளிம்பில் நின்ற அணி!

2018-ல் சிங்கப்பூரிலிருந்து அக்பர் நவாஸ் பயிற்சியாளராக வந்தார். வந்த பருவத்திலேயே அணி சாம்பியன்! 20 ஆட்டம், 43 புள்ளி. ஈஸ்ட் பெங்காலுக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் மகுடம். 2019 மார்ச் 9-ஆம் நாள், கோவை நேரு விளையாட்டரங்கம். முதலில் கோல் வாங்கிய அணி, மினர்வா பஞ்சாபை 3–1 என்று திருப்பி அடித்தது. பெத்ரோ மான்சி அந்தப் பருவத்தில் போட்ட கோல் 21. எட்வின் சிட்னி வான்ஸ்பால், அலெக்சாண்டர் ரோமாரியோ ஜேசுராஜ், அஜித்குமார் காமராஜ் என்று நம் நாட்டுப் பிள்ளைகள் தோளோடு தோள் நின்றார்கள். கல்கத்தாவும் கோவாவும் ஆண்ட லீக்கில் தமிழ்நாட்டுக் கழகம் ஒன்று முடிசூடியது!

"பார்த்தீரா, கோச்சை மாற்றினார்கள், கோப்பை வந்தது!" என்று தோழர் ஒருவர் துள்ளி எழுவார். உட்காருங்கள், தோழரே! நவாஸ் எப்போது வந்தார்? வீடு எரியும் நேரத்தில் வாளியோடு ஓடி வந்தவரல்ல. பருவம் தொடங்குமுன் வந்தார். அணியைத் தேர்ந்து அமைக்க அவகாசம் கிடைத்தது. ஸ்பெயினிலிருந்து பேர்பெறாத, விலை குறைந்த, ஆனால் பந்தறிந்த ஆட்டக்காரர்கள் வந்தார்கள். ஒரே விதமாக ஆடப் பழகினார்கள். மாறியது ஆள் மட்டுமல்ல, மாறியது முறை. நட்ட பருவம் சரி, தண்ணீர் சரி, விளைந்தது. அறுவடை நாளில் வந்து நின்று, "இந்த ஆள் ராசிக்காரன்" என்று சொன்னால் உழவன் சிரிக்க மாட்டானா?

பிறகு நடந்ததுதான் நெஞ்சைப் பிழிகிறது. வென்ற அணியைக் கட்டிக் காக்க வேண்டாமா? வான்ஸ்பால் 2019-லேயே வேறு அணிக்குப் போனார். மான்சி 2020-ல் ஜப்பானுக்குப் போனார். ரோமாரியோவும் அஜித்குமாரும் அடுத்துப் போனார்கள். 2019–20 பருவத்தில் அணி பட்டியலின் கீழ்ப்பாதிக்கு இறங்கியது. நவாஸ் விலகினார், 2020-ல் சத்தியசாகரா வந்தார். 2020–21 பருவத்தை, அந்த ஆண்டு சாம்பியனாகப் போகும் கோகுலம் கேரளாவையே வீழ்த்தித் தொடங்கினார்கள். ஆனால் முடிவில் அடிப்பாதியில்தான் கிடந்தார்கள். 2021–22 பட்டியலை எடுத்துப் பாருங்கள். சென்னை சிட்டி என்ற பெயரே இல்லை!

ஐந்து பருவம், நான்கு பயிற்சியாளர்கள், ஒரு கோப்பை, பிறகு சூன்யம். நான்கு பேரின் பெயரும் ஏட்டில் இருக்கிறது. அவர்கள்மீது நாம் தீர்ப்பு எழுதிவிட்டோம்: இவர் தோற்றார், அவர் வென்றார், இவர் சறுக்கினார் என்று. கழகமே மறைந்துபோனதே, அதற்கு யார்மீது தீர்ப்பு எழுதினோம்? எந்த டீக்கடையில் எழுதினோம்?

பழி முழுவதும் கழகத்தை நடத்தியவர்மீதா? இல்லை. ஏணியையே கோணலாக வைத்தவர்களும் இருக்கிறார்கள். 2014-ல் இந்தியன் சூப்பர் லீக் என்று ஒன்று பிறந்தது. பணம் படைத்தவர்கள் உரிமை வாங்கி உள்ளே வந்தார்கள். எத்தனை தோற்றாலும் கீழே இறக்கமில்லை என்ற ஏற்பாட்டோடு வந்தார்கள். 2019-ல் அந்த சூப்பர் லீக்கே நாட்டின் முதல் லீக் என்று முடிவு செய்தார்கள். அதே 2019-ல்தான் நம் கோவையில் வியர்வை சிந்தி ஐ-லீக்கை வென்றது சென்னை சிட்டி. பரிசு என்ன? மேலே ஏறும் உரிமை கிடையாது! பணம் கட்டி உள்ளே வந்தவனுக்கு இறக்கமில்லை. பாடுபட்டு முதலிடம் பிடித்தவனுக்கு ஏற்றமில்லை. பிறந்த இடத்தில்தான் கிடக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டில் ஏற்கெனவே ஒரு பெயர் உண்டே! பந்தாட்டத்திலுமா வருணாசிரமம்? 2023-ல்தான் ஐ-லீக்கை வென்ற பஞ்சாப் அணிக்கு மேலே ஏறும் கதவு திறந்தது. நம்மவர்களுக்கு அது நாலாண்டு தாமதம்.

ஏணி இல்லாத வீட்டில், "ஏன் மாடி ஏறவில்லை?" என்று பயிற்சியாளரைக் கேட்பது என்ன நியாயம்?

பொறுமை என்ன தரும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சான்று இருக்கிறது. ஐதராபாத்தில் சையத் அப்துல் ரஹீம் என்றொருவர். பள்ளி ஆசிரியர். 1952-ல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவர் பயிற்றுவித்த இந்திய அணி யுகோஸ்லாவியாவிடம் 10–1 என்று தோற்றது. பத்துக்கு ஒன்று! நம் ஆட்டக்காரர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். இன்றைய முதலாளியாக இருந்தால், விமானம் தரை இறங்குமுன் வேலைநீக்கக் கடிதம் தயாராகியிருக்கும். அன்று அவரைத் தலைமுழுகிவிடவில்லை. 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவர் கையில் வளர்ந்த அணி நான்காம் இடம் பிடித்தது. 1962-ல் ஜகார்த்தாவில் தென்கொரியாவை 2–1 என்று வென்று ஆசியத் தங்கம் கொண்டுவந்தது. கோல் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். மறு ஆண்டு 1963-ல் ரஹீம் புற்றுநோயால் மறைந்தார். தோல்வியை வைத்து ஆளை எறியாமல், தோல்வியிலிருந்து பாடம் படிக்க இடம் கொடுத்ததால் வந்த தங்கம் அது.

பொறுமையின் பயனைச் சிவகாசிக்காரனுக்கு நாம் சொல்லவும் வேண்டுமா? 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று, தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். மழை பொய்த்த கரிசல் பூமியில் அந்தக் கல்வியை ஊன்றினார்கள். அதிலிருந்து தீப்பெட்டி, தீப்பெட்டியிலிருந்து பட்டாசு, பட்டாசு உறையிலிருந்து அச்சகம் என்று ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தது. முதல் பெட்டி ஈரத்தில் பற்றவில்லை என்று கற்று வந்தவரைத் துரத்தியிருந்தால், இந்த ஊர் இன்று ஏது?

இனி போர்மேனிடம் திரும்புவோம். 2012 செப்டம்பர் 5-ல் முதலிப்பட்டியில் 30-க்கும் மேற்பட்ட உயிர்கள் கருகின. 2021 பிப்ரவரி 12-ல் சாத்தூர் அருகே அச்சன்குளத்தில் 20-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அச்சன்குளத்து ஆலை துண்டு துண்டாக உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது என்பது விசாரணையில் வெளிவந்தது. ஓர் அறையில் எத்தனை பேர் அமர வேண்டும், எவ்வளவு மருந்து இருக்க வேண்டும் என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது. அந்த விதியைக் காப்பது போர்மேனின் கடமைதான், மறுக்கவில்லை. ஆனால், தீபாவளி நெருங்குகிறது, சரக்கு வேண்டும், ஆளைக் கூட்டு, மருந்தைக் கூட்டு என்று உத்தரவு மேலிருந்து வரும்போது, மாதச் சம்பளக்காரன் எத்தனை நாள் மறுத்து நிற்பான்? அவனைப் பிடித்துச் சிறையில் வைத்துவிட்டு, அடுத்த வாரம் வேறொரு போர்மேனை அதே அறைக்கு, அதே அவசரத்துக்கு அனுப்பினால், மாறியது என்ன? சட்டையில் எழுதிய பெயர்தானே!

பந்தாட்டத்தில் தோல்வி ஒரு ஊரின் மானத்தைத் தின்னும். பட்டாசில் அது பிள்ளைகளின் தாயைத் தின்னும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கவில்லை. ஆனால் இரண்டிலும் ஏமாற்று ஒன்று. அமைப்பின் குற்றத்தை ஆளின்மேல் ஏற்றுவது. ஆளை அகற்றிவிட்டு அமைப்பைக் காப்பாற்றுவது.

ஆகையால், எந்தக் கழகமாயினும், பயிற்சியாளரை நீக்கினோம் என்று அறிவிக்கும் அன்று, ஆட்டம் பார்க்கும் தொழிலாளி கேட்க வேண்டிய கேள்விகள் ஐந்து:

ஆட்டக்காரருக்கும் ஊழியருக்கும் சம்பளம் தேதி தவறாமல் போய்ச் சேர்ந்ததா?

அணியில் யாரைச் சேர்ப்பது என்பதை முடிவு செய்தவர் பயிற்சியாளரா, முதலாளியின் தரகரா?

அவருக்குக் கொடுத்த காலம் எத்தனை மாதம்? அதில் பயிற்சிக்குக் கிடைத்த மைதானம் எது?

கழகத்தின் கணக்கு எங்கே? கடன் எவ்வளவு?

கடைசிக் கேள்வி: அவரைத் தேர்ந்தெடுத்தவர் யார்? தேர்ந்தெடுத்தவர் ஏன் இன்னும் நாற்காலியில் இருக்கிறார்?

கேட்டால் பதில் வருமா? வரவழைக்கும் வழி உலகில் உண்டு. ஜெர்மனியில் 1998 முதல் ஒரு விதி இருக்கிறது. பாதிக்கு மேல் ஒரு வாக்கு கழக உறுப்பினர்களின் கையில்தான் இருக்க வேண்டும்; முதலீடு எவ்வளவு வந்தாலும் முடிவு அவர்களுடையது. சில விலக்குகள் உண்டு. அங்கேயும் பயிற்சியாளர்கள் நீக்கப்படுகிறார்கள்தான். ஆனால் நீக்கியவர்கள் உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். சந்தா கட்டும் சாதாரணத் தொழிலாளி "ஏன்?" என்று கேட்டால், தலைவர் வாய் திறக்க வேண்டும். தமிழ்நாட்டில் நாளை எழும் கழகம் ஒவ்வொன்றும், ஊர் மக்களை உறுப்பினராக்கி, அவர்களுக்கு வாக்களித்து எழட்டும். அப்படிப்பட்ட கழகத்தை எந்த முதலாளியும் ஒரே கையெழுத்தில் கலைத்துவிட முடியாது.

கழகம் என்ற சொல் நமக்குப் புதிதல்ல, தோழர்களே! எனவே ஒரு வார்த்தை நம் வீட்டுக்குள்ளும் சொல்லிவிடுகிறேன். தேர்தலில் ஒரு வட்டத்தில் வாக்குக் குறைந்தால், "செயலாளரை மாற்று" என்று முதலில் குரல் கொடுப்பது நம்மிலும் சிலர்தான். அந்த வட்டத்தில் தண்ணீர் வந்ததா, நம் ஆட்கள் மக்களை ஆண்டு முழுவதும் பார்த்தார்களா என்று கேட்டுவிட்டு மாற்றினால், அது சீர்திருத்தம். கேட்காமல் மாற்றினால், அது சுண்ணாம்பு!

பயிற்சியாளரை ஒருபோதும் மாற்றக் கூடாது என்று சொல்லவில்லை. சோம்பேறியை மாற்றுங்கள். ஆட்டக்காரரை அடிமையாய் நடத்துகிறவரை மாற்றுங்கள். அறியாதவரை மாற்றுங்கள். ஆனால் மாற்றுமுன் காரணம் சொல்லுங்கள். மாற்றியபின் மற்றவற்றையும் மாற்றுங்கள். பந்து எப்போதும் உருண்டை. தோல்வி ஒருநாள் எல்லாருக்கும் வரும். அந்த நாளில் ஒருவனை மட்டும் சுட்டி நிற்கும் விரலைக் கண்டால், விரலைப் பார்க்காதே, தோழா. விரலுக்குப் பின்னே இருக்கும் முகத்தைப் பார்! பட்டாசு ஆலையிலும் பார். பந்தாட்டக் களத்திலும் பார்!